அடுத்து என்ன சொல்வதென்று தெரியாதபோது தெரபிஸ்டுகள் என்ன செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கவுன்சலிங் படிப்பின் கடைசிக் கட்டப் பயிற்சியில் இருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம் இது: "பாதி செஷன்களில் எதிரே இருப்பவருக்கு உண்மையில் என்ன பிரச்சினை, நான் செய்வது சரிதானா, அடுத்து என்ன பேச வேண்டும் என்று எதுவுமே நிச்சயமாகத் தெரிவதில்லை. அனுபவம் வந்தால் இது போய்விடுமா? மூத்தவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?"

போகாது. பல வருடம் இந்த வேலையில் இருப்பவர்களிடம் மனம்விட்டுப் பேசிப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். அனுபவத்தில் வருவது வேறொன்று. எந்தச் சந்தேகத்தோடு பொறுமையாக உட்கார்ந்திருக்கலாம், எதை அந்த நிமிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், எதைத் தனியாகச் சுமக்கவே கூடாது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிடுகிறோம். புதிதாக வருபவருக்கு இந்த மூன்றும் ஒரே மூட்டையாகத் தெரிவதால்தான் நெஞ்சு படபடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதில் பெரும்பகுதி உங்கள் திறமைக் குறைவினால் வந்ததல்ல, துறையே அப்படித்தான் இருக்கிறது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டை வெளியிடும் முன் அதன் நோய்ப் பெயர்களைக் களத்தில் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. ஒரே நபரை இரண்டு மருத்துவ நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்பதுதான் சோதனை. முழு உடன்பாடு என்றால் 1, தற்செயலாக ஒத்துப்போகும் அளவுதான் என்றால் 0. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனஅழுத்தக் கோளாறுக்கு 0.67 கிடைத்தது. தீவிர மனச்சோர்வுக்குக் கிடைத்தது 0.28. பொதுவான பதற்றக் கோளாறுக்கு 0.20. அதாவது, கவுன்சலிங்குக்கு வருபவர்களிடம் நாம் அதிகம் பார்க்கும் இரண்டு பிரச்சினைகளில், பயிற்சி பெற்ற நிபுணர்களே ஒருவரோடொருவர் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. "இது மனச்சோர்வா, பதற்றமா, இரண்டுமா?" என்று நீங்கள் மூன்றாவது செஷனில் குழம்பினால், நல்ல துணையோடுதான் குழம்புகிறீர்கள்.

எந்தச் சிகிச்சை முறையை எடுப்பது என்பதிலும் இதே கதைதான். வெவ்வேறு முறைகள் பலனளிப்பதற்கு அவற்றுக்குப் பொதுவாக உள்ள அம்சங்களே காரணமாக இருக்கலாம் என்று உளவியலாளர் சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே எழுதினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. திடீர்ப் பீதி, ஓசிடி (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) போன்ற சிலவற்றில் குறிப்பிட்ட நுட்பங்களுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அங்கே "எல்லாம் ஒன்றுதான்" என்று கையை விரிப்பது சோம்பேறித்தனம். மற்ற பல இடங்களில் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்ன மூன்று விஷயங்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: எதற்காகச் சந்திக்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. இந்த மூன்றையும் வாயால் கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி.

இனி, உங்களை நிஜமாகவே கவலைப்பட வைக்க வேண்டிய பக்கம். சந்தேகப்படும் தெரபிஸ்டைவிடச் சந்தேகமே இல்லாத தெரபிஸ்டைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். 2012-இல் ஸ்டீவன் வால்ஃபிஷும் அவருடைய குழுவினரும் 129 மனநல வல்லுநர்களிடம், சக வல்லுநர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். நான்கில் ஒருவர், தான் முதல் பத்துச் சதவீதத்துக்குள் இருப்பதாகச் சொன்னார். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கணக்குப்படி ஏறத்தாழ பாதிப் பேர் அங்கே இருந்திருக்க வேண்டும்!

இதைவிட உறைக்கும் ஆய்வு மைக்கேல் லாம்பெர்ட்டின் குழு 2005-இல் வெளியிட்டது. சிகிச்சையில் இருந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று அவர்களுடைய தெரபிஸ்டுகளிடமே கணிக்கச் சொன்னார்கள். தெரபிஸ்டுகள் கைகாட்டியது மூன்று பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். அந்த 40 பேரில் ஒருவரைத்தான் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுபவர்களே தவறவிட்டார்கள் என்றால், "பார்த்தாலே தெரிந்துவிடும்" என்ற பேச்சை இந்தத் தொழிலில் யாரும் பேசக் கூடாது. அனுபவம் தானாக இதைச் சரிசெய்துவிடும் என்றும் நினைக்க முடியவில்லை. 170 தெரபிஸ்டுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சைப் பலன் சராசரியாக மிகச் சிறிதளவு குறையவே செய்தது. பாதியில் விட்டுப்போகிறவர்கள் குறைந்தார்கள் என்பது மட்டும் ஆறுதல்.

எதிர்த்திசையில் நார்வேயின் ஹெலன் நிஸ்ஸன்-லீ செய்த ஆய்வுகள் இருக்கின்றன. தன் தொழில்திறனைப் பற்றி ஓரளவு சந்தேகம் கொண்ட தெரபிஸ்டுகளிடம் வந்தவர்களுக்குப் பலன் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. தொழிலில் சந்தேகப்படுபவர் ஒரு மனிதராகத் தன்மீது கனிவோடு இருக்கும்போதுதான் அந்தச் சந்தேகம் நன்றாக வேலை செய்கிறது. "இந்த இடத்தில் நான் எதையோ தவறவிடுகிறேனோ" என்பது ஒரு சந்தேகம். "எனக்கு இந்த வேலைக்குத் தகுதியே இல்லை" என்பது வேறு. முதல் கேள்வி உங்கள் கவனத்தை எதிரே இருப்பவர் பக்கம் திருப்பும். இரண்டாவது வந்துவிட்டால் செஷன் முழுக்க உங்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் சொன்ன பாதி காதில் விழாது.

தெரியாத நிலையைத் தாங்க முடியாதபோது நாம் என்னென்ன செய்கிறோம் என்று கவனித்தால், சமாளிக்கும் வழியும் அங்கேயே தென்படும். அவசரமாக அறிவுரை சொல்வோம். "எல்லாம் சரியாகிவிடும்" என்போம். மௌனம் மூன்று நொடி நீண்டாலே அடுத்த கேள்வியைப் போடுவோம். நேற்றுப் படித்த கோட்பாட்டுக்குள் அவருடைய வாழ்க்கையைத் திணிப்போம். மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, எண்ணப் பதிவேடு என்று வீட்டுப்பாடத்தை அடுக்குவோம். இவற்றில் எதுவுமே தன்னளவில் கெட்டதில்லை. யாருடைய பதற்றத்தைக் குறைக்க இதைச் செய்தேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் பல சமயம் சங்கடமாக இருக்கும்.

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது செஷன். அதுவரை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று நிமிர்ந்து, "நீங்களே சொல்லிடுங்க. நான் அவரை விட்டுப் பிரிஞ்சிடலாமா, வேண்டாமா?" என்கிறார். புதியவருக்கு வயிற்றைப் பிசையும் தருணம் இது. வழக்கமாக இரண்டு விதமாகத் தப்பிப்போம். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்த அறிவுரை சொல்வது ஒன்று. பாடப்புத்தகத் தோரணையில் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேள்வியைத் திருப்பி அவர் மடியிலேயே போடுவது இன்னொன்று. இரண்டாவதைப் பலரும் சரியான பதில் என்று நினைக்கிறார்கள். அந்த நிமிடத்தில் அது கதவைச் சாத்துவது போலத்தான் அவருக்குக் கேட்கும். தனக்கே தெரிந்திருந்தால் அவர் ஏன் கேட்கப்போகிறார்?

நான் ஏறத்தாழ இப்படிச் சொல்வேன்: "உங்களுக்கு ஒரு பதில் உடனே வேணும்னு புரியுது. அதை முடிவு பண்ற அளவுக்கு உங்க வாழ்க்கை எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி பேசவும் விரும்பல. ஆனா போன வாரம் இல்லாத அவசரம் இன்னைக்கு இருக்கு. இடையில ஏதாவது நடந்துச்சா?" இதில் மூன்று வேலை நடக்கிறது. எனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்காகப் பின்வாங்கி ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. நான் பார்த்த ஒன்றை, அதாவது அந்த அவசரத்தை, அவர் முன் வைத்திருக்கிறேன். பதிலாக என்ன வேண்டுமானாலும் வரலாம். "ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட பேசினேன், அவங்க திட்டினாங்க" என்று வரலாம். "நேத்து ராத்திரி கையை ஓங்கிட்டார்" என்றும் வரலாம். இரண்டாவது பதில் வந்த நொடியில் நிலைமையே மாறிவிடுகிறது. பிரிவதா வேண்டாமா என்பது இனி பொறுமையாக ஆராயும் கேள்வி இல்லை. இன்று வீட்டுக்குப் போவது பாதுகாப்பா, குழந்தைகள் இருக்கிறார்களா, இதற்கு முன் நடந்திருக்கிறதா, போக வேறு இடம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிப் போட்டிருந்தால் இது வெளியே வராமலே போயிருக்கலாம்.

கேட்டால் தெரிந்துவிடக்கூடிய விஷயங்களைக் கேட்காமல், "நிச்சயமின்மையோடு இருக்கிறேன்" என்று பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. சோர்வாக இருக்கிறார், உடல் எடை கூடியிருக்கிறது, எப்போதும் குளிர்கிறது என்கிறார் என்றால் தைராய்டு பரிசோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தைராய்டு குறைபாடு மனச்சோர்வு போலவே வரும். மனச்சோர்வோடு வந்தவரிடம், தூக்கமே இல்லாமல் நாட்கணக்கில் அபாரச் சுறுசுறுப்போடு இருந்த காலம் உண்டா என்று கேட்காமல் இருக்கக் கூடாது. மனச்சோர்வும் மிகையான உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு அந்த ஒரு கேள்வியில்தான் பலமுறை பிடிபடுகிறது. பிடிபட்டால் அவரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். என்ன மருந்து சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார், எவ்வளவு நேரம் தூங்குகிறார் என்பதெல்லாமும் இப்படித்தான். உளப்பகுப்பாய்வின் ஆழத்தை யோசிப்பதற்கு முன் இவற்றை முடித்துவிடுங்கள்.

கேட்டும் தெரியாதது மிச்சமிருக்கும். அதோடு உட்கார்ந்திருப்பதைப் பற்றி இந்தத் துறையில் நிறையவே யோசித்திருக்கிறார்கள். எதையும் குறிப்பாகத் தேடாமல் எல்லாவற்றின் மீதும் சமமாக மிதக்கும் கவனத்தோடு கேட்க வேண்டும் என்று ஃபிராய்ட் 1912-இல் எழுதினார். உளப்பகுப்பாய்வாளர் வில்ஃப்ரெட் பியோன் 1967-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செஷனிலும் கடந்த செஷனின் நினைவையும், இவர் குணமாக வேண்டும் என்ற ஆசையையும்கூடத் தள்ளிவைக்கச் சொன்னார். நிஜத்தில் அப்படி யாராலும் முழுதாக இருக்க முடியாது. போன வாரம் அவருடைய அப்பா இறந்ததை மறந்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த வாரம் அவர் வர மாட்டார். பியோன் சொன்னதைப் பதினைந்து நிமிடப் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் பலன் உண்டு. செஷனின் முதல் கால்மணி நேரம், இவரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அதை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். போன வாரத் தொடர்ச்சியாக நீங்கள் எதிர்பார்த்ததற்கும் இன்று அவர் கொண்டுவந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஹார்லீன் ஆண்டர்சனும் ஹரால்ட் கூலிஷியனும் 1992-இல் "அறியாத நிலை" என்ற ஒன்றை முன்வைத்தார்கள். தன் வாழ்க்கையைப் பற்றிய நிபுணர் வந்திருப்பவர்தான், தெரபிஸ்ட் ஆர்வத்தோடு கேட்டுக் கற்பவர் என்பது அதன் சாரம். எனக்கு அந்த அணுகுமுறை பிடிக்கும், ஓர் எச்சரிக்கையோடு. ஓசிடிக்காக வந்தவர் "இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கா?" என்று கேட்கும்போது அறியாத நிலையில் நின்றுகொண்டிருப்பது அநியாயம். இருக்கிறது, அதன் பெயர் என்ன, எப்படிச் செய்வார்கள், தொடக்கத்தில் ஏன் கஷ்டமாக இருக்கும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதிருப்பது இயல்பு. உங்கள் தொழிலைப் பற்றித் தெரியாவிட்டால் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நடைமுறையில் எனக்கு மிகவும் கைகொடுப்பது எழுத்து. இரண்டாவது, மூன்றாவது செஷனுக்குப் பிறகு இவருடைய பிரச்சினை எப்படி உருவாகி எப்படி நீடிக்கிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். அதற்குக் கீழே, "இது தவறு என்றால் எதைப் பார்த்து எனக்குத் தெரியும்?" என்று ஒரு வரி. உதாரணமாக: "நிராகரிப்புக்குப் பயந்து மற்றவர்களிடமிருந்து ஒதுங்குகிறார் என்று நினைக்கிறேன். தனியாக இருக்கும்போது உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறார் என்று தெரிந்தால் இது தவறு." இந்தக் கடைசி வரிதான் உங்களை உங்கள் சொந்தக் கதையிடமிருந்து காப்பாற்றும். எழுதாவிட்டால், ஒவ்வொரு வாரமும் அவர் சொல்வதில் உங்கள் கதைக்கு ஒத்துவருவது மட்டும் காதில் விழும், பத்து வாரம் கழித்து "ஆரம்பத்திலேயே தெரிந்ததுதான்" என்பீர்கள்.

அதோடு, அவரிடமே கேளுங்கள். பாராட்டு எதிர்பார்க்கும் தொனியில் கேட்டால் பாராட்டுதான் வரும். "இன்னைக்கு நாம பேசினதுல எது உங்களுக்குப் பொருந்தல?" என்று கேட்டால் உண்மை வர வாய்ப்பு அதிகம். சிலர் இதற்குச் சின்னப் படிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் உருவாக்கிய அளவுகோலில் நான்கே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து சென்டிமீட்டர் கோடு. கோட்டில் ஒரு குறி போட்டால் போதும், ஒரு நிமிட வேலை. முன்பு சொன்ன அந்த 40 பேரில் பெரும்பாலானோரை, வாராவாரம் நிரப்பப்பட்ட வேறொரு படிவத்தின் மதிப்பெண்களே அடையாளம் காட்டிவிட்டன. படிவம் உறவின் இயல்பைக் கெடுக்கும் என்று முணுமுணுப்பவர்களை எனக்குத் தெரியும். வந்தவர் மோசமாகிக்கொண்டிருப்பது தெரியாமலே இருப்பது அதைவிடப் பெரிய கேடு.

தற்கொலை ஆபத்து விஷயத்தில் மட்டும் நான் சொன்ன பொறுமைக்கு இடமே இல்லை. ஜோசப் ஃபிராங்க்ளினும் குழுவினரும் 2017-இல் ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தற்கொலை எண்ணம், முயற்சி, மரணம் எதையுமே நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகளால் தற்செயலைவிடச் சற்றுத்தான் மேலாகக் கணிக்க முடிகிறது என்பது முடிவு. இதைப் படித்துவிட்டு மனம் தளர்கிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு விதத்தில் விடுதலையாக இருந்தது. யார் செய்வார், யார் செய்ய மாட்டார் என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை, அது யாராலும் முடியாது. நேரடியாகக் கேட்பது நம் வேலை: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பிறகு பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த பாதுகாப்புத் திட்டம் போன்ற ஒன்றை அவரோடு சேர்ந்து எழுத வேண்டும். அந்த எண்ணம் வலுப்பதற்கு முன் வரும் அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, போய் இருக்கக்கூடிய இடங்களும் மனிதர்களும், யாரை உதவிக்குக் கூப்பிடுவது, எந்த நிபுணரை அழைப்பது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்தான பொருளை எப்படி அகற்றுவது. அன்றைக்கே உங்கள் வேலையை மேற்பார்வையிடும் சூப்பர்வைசருக்குத் தகவல் போக வேண்டும், செய்ததையும் யோசித்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும். தனியாகச் சுமக்கக் கூடாதவை என்று தொடக்கத்தில் சொன்னதில் முதலாவது இதுதான்.

சூப்பர்விஷனைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியில் இருப்பவர்கள் அங்கே வழக்கின் கதையைக் கொண்டுபோகிறார்கள்: வயது, வேலை, குடும்பம், பிரச்சினை. நாற்பது நிமிடம் கதையிலேயே போய்விடும். கதையை மூன்று வரியில் முடித்துவிட்டு, நீங்கள் திணறிய அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டுபோங்கள். அனுமதியோடு எடுத்த ஒலிப்பதிவு இருந்தால் இன்னும் நல்லது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களிலேயே செஷன்களைப் பதிவு செய்து மாணவர்களோடு கேட்டார். நினைவிலிருந்து சொல்லும்போது நம்மை அறியாமலே நாம் கொஞ்சம் புத்திசாலிகளாகிவிடுகிறோம், பதிவு அப்படிச் செய்யாது. "அங்கே எனக்குத் தலை வெறுமையாகிவிட்டது" என்று சொல்லத் தயங்க வேண்டிய சூப்பர்வைசர் வாய்த்திருந்தால், முடிந்தால் வேறொருவரைத் தேடுங்கள். எல்லோருக்கும் அந்த வசதி இல்லை என்பதும் தெரியும். அப்போது நம்பிக்கையான இரண்டு மூன்று சக மாணவர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை உட்காருவதுகூட உதவும், பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டு.

இடையில் வராமல் நின்றுவிடுகிறவர்களைப் பற்றியும் நீங்கள் விரைவில் கேட்பீர்கள். 2012-இல் ஸ்விஃப்டும் கிரீன்பெர்கும் 669 ஆய்வுகளைத் தொகுத்ததில், சுமார் ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார் என்று தெரிந்தது. அவர்களில் சிலர் குணமானதால் வரவில்லை, சிலர் நம்மால் புண்பட்டு வரவில்லை, சிலருக்கு வேலை நேரம் மாறிவிட்டது. யார் எந்த வகை என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியவே வராது. ஒருமுறை பரிவோடு தொடர்புகொள்ளுங்கள், கதவு திறந்திருக்கிறது என்று சொல்லுங்கள், அவருடைய கோப்பினை மூடுங்கள். இதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் வருபவர்களில் பலருக்கு, குறிப்பாக ஓயாமல் கவலைப்படுபவர்களுக்கு, நிச்சயமின்மையைத் தாங்க முடியாததே நோயின் மையம். கனடாவில் மிஷெல் துகாஸும் அவருடைய சகாக்களும் 1990-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்து, அதை நோக்கியே சிகிச்சையையும் வடிவமைத்தார்கள். அப்படிப்பட்டவர் எதிரே உட்கார்ந்து "இது உறுதியா சரியாயிடுமா?" என்று ஐந்தாவது முறையாகக் கேட்கும்போது, நீங்கள் உறுதி கொடுத்தால் அரை மணி நேரம் நிம்மதியாக இருப்பார், பிறகு ஆறாவது முறை கேட்பார். "உறுதியா சொல்ல முடியாது. இதே பிரச்சினையோட வர்றவங்கள்ல நிறைய பேருக்குக் குறைஞ்சிருக்கு, உங்களுக்கும் குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. இப்ப நான் இப்படிச் சொன்னதும் உள்ள என்ன ஆகுது?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பேசாமல் இருந்து பாருங்கள்.